காகோக்களின் ஜன்னலும் பாலாற்றுப் பாலமும்

போன வாரம் பேரணாம்பட்டிலிருந்து ஒரு கல்லூரித் தம்பி எனக்கு ஒரு வாட்ஸ்அப் ஃபார்வர்டை அனுப்பி, "அண்ணா, இதுக்கு இன்னா பதில் சொல்றது?" என்று கேட்டிருந்தார். ஃபார்வர்டின் சாரம் இதுதான்: தீண்டாமை இந்தியாவில் மட்டும் இருந்ததல்ல, பிரான்ஸ் நாட்டிலேயே காகோ என்று ஒரு தீண்டப்படாத கூட்டம் இருந்தது, அவர்களுக்கும் தனி வாசல், தனி சுடுகாடு எல்லாம் இருந்தது, அப்படியிருக்க எதற்கெடுத்தாலும் சாதி சாதி என்று நம் நாட்டை மட்டும் ஏன் கேவலப்படுத்துகிறீர்கள்? கடைசியில் கைகூப்பும் பொம்மை ஒன்று, தேசியக் கொடி ஒன்று.

ஃபார்வர்டு எழுதியவர் சொன்னதில் முதல் பாதி உண்மை. அது எனக்குத் தெரியும், ஏனென்றால் அந்த ஜன்னல்களில் ஒன்றை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இரண்டாம் பாதியைச் சும்மா விட மனம் வரவில்லை.

2023 அக்டோபரில் தூலூஸ் நகரத்தில் ஒரு கூட்டம். செருப்பு, ஷூ தைக்கும் தொழிலாளர்கள் பற்றியது. ஆம்பூரில் வீட்டிலிருந்தபடி ஷூவின் மேல்பாகத்தைக் கையால் தைக்கும் பெண்களைப் பற்றிப் பேசுவதற்காக என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். பேசி முடித்தபின் ஒரு நாள் மிச்சம் இருந்தது. கூட்டத்தை நடத்தியவர்களில் ஒரு பெண் கேட்டார்: "லூர்து பக்கத்தில் ஒரு சின்ன ஊர் இருக்கிறது, உங்களுக்குக் காட்ட வேண்டும், வருகிறீர்களா?" லூர்து என்றதும் நான் சரி என்றேன். எங்கள் தெருவில் லூர்து மாதா படம் இல்லாத கிறிஸ்தவ வீடு கிடையாது. என் அத்தைக்கு அந்தக் கெபித் தண்ணீர் ஒரு பாட்டில் கொண்டு போனால் போதும், அவர் வாழ்நாள் பாக்கி தீர்ந்தது.

மாதாவின் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு, அங்கிருந்து தெற்கே மலைப் பக்கமாக அரை மணி நேரம்கூட ஆகாத பயணம். ஊரின் பெயர் சேன் சாவேன். பிரனே மலையடிவாரத்தில் ஒரு மேட்டில் இருக்கிறது. நம் ஊர்க் கணக்கில் அது ஊரே இல்லை, நாலு தெரு. கற்சுவர் வீடுகள், ஜன்னலுக்கு ஜன்னல் பூந்தொட்டி, நடுவில் ஒரு சதுக்கம், கீழே பள்ளத்தாக்கு. யூடியூபில் நம்மாட்கள் "ஃபிரான்ஸ் கிராமம் எப்படி இருக்கு பாருங்க மக்களே" என்று காட்டும் ஊர்களில் ஒன்று என்று நினைத்துக்கொள்ளுங்கள். குப்பை இல்லை. சத்தம் இல்லை. நானும் ஒரு சுற்றுலாப் பயணியைப் போல நாலு போட்டோ எடுத்தேன். பொய் சொல்ல வேண்டியதில்லை, அழகான ஊர்.

சதுக்கத்தை ஒட்டியே பழைய மடத்துக் கோயில். பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கட்டடம். உள்ளே ஒரு கல் தொட்டி. கோயிலுக்குள் வருபவர்கள் விரலை நனைத்துச் சிலுவை போட்டுக்கொள்ளும் தீர்த்தத் தொட்டி. அதைக் குட்டையான இரண்டு மனித உருவங்கள் தாங்கி நிற்கின்றன. அது காகோக்களின் தொட்டி என்றார் கூட வந்தவர். பிறகு சுவரில் தாழ்வாக இருந்த ஒரு சிறிய ஜன்னலைக் காட்டினார். காகோக்கள் உள்ளே வராமல் வெளியில் நின்று இந்த வழியாகப் பூசை பார்ப்பார்கள் என்று அந்த ஊரில் சொல்லிவருகிறார்கள்.

நான் அந்த ஜன்னலுக்கு முன்னால் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. பக்கத்தில் வயதான தம்பதி ஒன்று வந்தது, ஜெர்மன்காரர்கள் போலிருந்தது. அந்த அம்மா குனிந்து பார்த்தார், போட்டோ எடுத்தார், தலையை ஆட்டி ஏதோ சொன்னார். அவர் முகத்தில் இருந்தது அதிர்ச்சி இல்லை. பழைய சித்திரவதைக் கருவியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்க்கும்போது வருமே, ஒரு நிம்மதியான வருத்தம், அது. எனக்கு அந்த நிம்மதிமேல்தான் பொறாமை வந்தது.

யார் இந்தக் காகோக்கள்? பிரான்சின் தென்மேற்கிலும் ஸ்பெயினின் வடக்கிலும், பிரனே மலையின் இரண்டு பக்கமும், பல நூற்றாண்டுகள் ஒதுக்கி வைக்கப்பட்ட மக்கள். ஊருக்கு வெளியே தனிக் குடியிருப்பு. கோயிலுக்குத் தனி வாசல், அதுவும் குனிந்து நுழையும்படி தாழ்வாக. சில இடங்களில் நற்கருணை அப்பத்தைக் குருவானவர் ஒரு கோலின் முனையில் வைத்து நீட்டுவாராம். தனி இடுகாடு. மற்றவர்களோடு திருமணம் கிடையாது. உடுப்பில் வாத்தின் கால் வடிவத்தில் ஒரு சிவப்புத் துணியைத் தைத்துக்கொள்ள வேண்டும், தூரத்திலிருந்தே தெரிவதற்கு. ஞானஸ்நானப் பதிவேட்டில்கூட அவர்கள் பெயருக்குப் பக்கத்தில் காகோ என்று எழுதிவிடுவார்கள். நிறத்தில், மொழியில், மதத்தில் பக்கத்து வீட்டுக்காரனுக்கும் அவர்களுக்கும் எந்த வித்தியாசமும் கிடையாது.

தொழில்? பெரும்பாலும் மரவேலை. மண்ணைத் தொட்டால், உணவுப் பொருளைத் தொட்டால் தீட்டு ஒட்டும், மரத்தில் ஒட்டாது என்று ஒரு நம்பிக்கை. அதனால் தச்சர்கள், பீப்பாய் செய்பவர்கள். அந்தப் பக்கத்துக் கோயில்களின் கூரைகளில் பலவற்றுக்கு மரம் இழைத்தவர்கள் இவர்களே. கூரை போட்ட கோயிலில் பெரிய வாசல் வழியாக நுழைய முடியாது.

இன்னொன்று சொன்னார். அதைக் கேட்டதும் நான் அவரை மறுபடி சொல்லச் சொன்னேன். காகோக்கள் வெறுங்காலோடு தெருவில் நடக்கக் கூடாது. அவர்கள் பாதம் பட்டால் மண் கெட்டுவிடும், பிறகு அந்த மண்ணை மிதிக்கும் மற்றவர்களுக்கும் தீட்டு ஒட்டும். ஆகவே காலை மூடிக்கொண்டுதான் நடக்க வேண்டும். மூடிய காலுக்குள் என்ன இருக்கிறது என்று ஊர் கதை கட்டியது: காகோவுக்கு வாத்துபோல விரல்களுக்கு நடுவில் தோல் இருக்கிறதாம்.

அன்று ராத்திரி அத்தைக்கு போன் போட்டேன். அவர் பதினைந்து வருஷம் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை செய்தவர். அதற்கு முன்னால் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஜோடிக் கணக்கில் அப்பர் தைத்தவர். மாதா தண்ணீர் பிடித்தாயிற்று என்று சொல்லிவிட்டு இந்தக் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"செருப்பு போட்டுக்கினு நடந்தாத்தான் உடுவாங்களா அங்க?"

"ஆமா அத்தை. வெறுங்கால்ல போனா தண்டனை."

"இன்னாடா கூத்து இது. உங்க தாத்தன் செருப்ப கையில தூக்கிக்கினு போயி தெரு தாண்டி போட்டுக்குவாரு. அந்த ஊர்ல பொறந்திருந்தா கால்ல போட்டுக்கினு போயிருப்பாரு."

சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "ரெண்டும் ஒண்ணுதான் போ" என்றார்.

எனக்கும் அப்படித்தான் பட்டது. ஒரு நாட்டில் தீண்டப்படாதவன் செருப்பு போட்டே ஆக வேண்டும், இன்னொரு நாட்டில் தீண்டப்படாதவன் செருப்பு போடவே கூடாது. அங்கே சொல்லப்பட்ட காரணம் சுத்தம், இங்கே சொல்லப்பட்டது மரியாதை. விதி தலைகீழாக இருந்தாலும் விதி போட்டவன் கை ஒரே இடத்தில் இருக்கிறது. தீட்டுக்கு ஒரு தர்க்கம் இருக்கிறது, ஒரு சாஸ்திரம் இருக்கிறது, ஒரு சுகாதாரம் இருக்கிறது என்று இன்னமும் நமக்கு விளக்கம் சொல்ல வருகிறவர்கள் இந்த இரண்டு விதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.

எங்கள் தாத்தா காலத்துக் கதை என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் வட்டத்தில் ராஜாவூர் என்ற கிராமத்தில் தலித் மக்கள் சாதி இந்துக்களின் தெருவில் முதல்முறையாகச் செருப்பு அணிந்து நடந்தது 2023 டிசம்பர் 24 அன்று. நான் அந்த ஜன்னலைப் பார்த்துவிட்டு வந்து இரண்டு மாதம் கழித்து. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015-ஆம் வருடத் திருத்தத்தை எடுத்துப் படியுங்கள், சட்டம் படிக்கும் தம்பி தங்கைகள் கட்டாயம் படியுங்கள். 3(1) பிரிவின் கடைசிப் பக்கத்தில், பொது இடத்தில் செருப்பு அணிவதைத் தடுப்பது குற்றம் என்று எழுதியிருக்கிறது. சைக்கிள் ஓட்டுவதை, புதுத்துணி உடுத்துவதைத் தடுப்பதும்தான். இருபத்தோராம் நூற்றாண்டில் ஒரு நாடாளுமன்றம் உட்கார்ந்து "செருப்பு" என்ற சொல்லைச் சட்டத்தில் எழுத வேண்டியிருந்தது. உலகத்துக்கே ஷூ தைத்து அனுப்பும் நாட்டில்.

கோயிலைவிட்டு வெளியே வந்ததும் கூட வந்தவர் ஒரு விஷயத்தை ஆர்வமாகச் சொன்னார். காகோக்கள் யார் என்பதற்கு இன்றுவரை ஒரு முடிவான பதில் இல்லையாம். தொழுநோயாளிகளின் வாரிசுகள் என்கிறார்கள் சிலர். தோற்றுப்போன விசிகோத்துகளின் மிச்சம் என்கிறார்கள் வேறு சிலர். சாரசேன் முஸ்லிம்கள் என்றும் கதை உண்டு. ஆராய்ச்சி செய்து செய்து புத்தகங்கள் குவிந்திருக்கின்றன. அதே மலைத்தொடரில் ஆரோ என்ற ஊரில் காகோக்களுக்கென ஒரு அருங்காட்சியகமே இருக்கிறது.

அவர் நல்ல மனிதர், அதனால் நான் அங்கே வாதாடவில்லை. இங்கே சொல்கிறேன். "அவர்களை ஏன் வெறுத்தார்கள்" என்ற கேள்விக்குப் பதிலை வெறுக்கப்பட்டவன் உடம்பில், அவன் ரத்தத்தில், அவன் வந்த வழியில் தேடுவது எனக்கு எரிச்சலாக இருக்கிறது. தேடுகிறவர்களுக்கு ஒன்றும் கிடைக்காததே ஒரு பதில்தானே! அவர்களிடம் எந்த வித்தியாசமும் இல்லை. அம்பேத்கரும் 1948-ல் 'தீண்டப்படாதவர்கள்' நூலில் தோற்றத்தைத் தேடினார் என்று யாராவது கேட்பீர்கள். தேடினார். ஆனால் அவர் விசாரணைக் கூண்டில் யாரை நிறுத்தினார் என்று பாருங்கள். பௌத்தத்தின்மேல் பார்ப்பனியம் கொண்ட வெறுப்பையும், மாட்டிறைச்சியைத் தின்றுகொண்டிருந்தவர்களே அதைத் தீட்டாக்கிய கதையையும் அங்கே கொண்டுவந்து நிறுத்தினார். நம்மிடம் இப்போதும் "உங்க ஆளுங்க தோல் வேலை செஞ்சதாலதானே" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். தோல் தொட்டதால் தீட்டு என்றால் வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடியில் தோலை விற்றுக் கோடி பார்த்தவர்கள், அதற்குக் கடன் கொடுத்த வங்கிகள், ஏற்றுமதிக்கு விருது கொடுத்த அரசுகள் எல்லாருக்கும் அது ஒட்டியிருக்க வேண்டும். சுண்ணாம்புக் குழியில் இறங்கியவன் காலோடு அது நின்றுவிட்டது. பணத்தில் ஏறவில்லை. மரத்தில் ஒட்டாத காகோ தீட்டு மாதிரி.

இப்போது ஃபார்வர்டுக்கு வருகிறேன். பிரான்சிலும் தனி வாசல் இருந்தது, ஆகவே நம்மைக் குறை சொல்லாதே என்கிறார்கள். சரி, அந்த வாசல்கள் இன்று என்ன ஆயின? பலவற்றைக் கல் வைத்து அடைத்துவிட்டார்கள். சிலவற்றில் பலகை மாட்டியிருக்கிறார்கள். அந்த வழியாக இன்று நுழையும்படி யாரும் யாரையும் கட்டாயப்படுத்த முடியாது, ஏனென்றால் யார் காகோ என்று யாருக்கும் தெரியாது.

நம்முடைய வாசலைக் காட்டவா? லூர்துக்குப் போக வேண்டாம், ஆம்பூரிலிருந்து பஸ் பிடித்தால் போதும். வாணியம்பாடி பக்கத்தில் நாராயணபுரம். 2019 ஆகஸ்ட். தலித் ஒருவர் விபத்தில் இறந்துபோனார். பாலாற்றங்கரையில் இருக்கும் சுடுகாட்டுக்குப் போகும் வழி சாதி இந்துக்களின் நிலத்தின் வழியாக இருக்கிறது. வழி கிடையாது. உறவினர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பாடையைப் பாலத்துக்கு மேல் கொண்டுபோய், கயிறு கட்டி, கிட்டத்தட்ட இருபது அடி உயரத்திலிருந்து கீழே இறக்கினார்கள். மாலையோடு, பூவோடு பிணம் கயிற்றில் ஆடி ஆடி இறங்குகிற அந்த வீடியோவை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். இல்லையென்றால் ஒருமுறை பாருங்கள், இரண்டு முறை வேண்டாம்.

சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. நிர்வாகம் என்ன செய்தது என்றால், அந்தக் காலனிக்கு என்று தனியாகச் சுடுகாட்டு நிலம் ஒதுக்கியது! நீதிபதிகளே கேட்டார்கள்: தனிச் சுடுகாடு கொடுத்தால் அரசே சாதியை வளர்ப்பதாக ஆகாதா என்று. எனக்கு அந்தக் கல் தொட்டிதான் ஞாபகம் வந்தது. காகோவுக்குத் தண்ணீர் மறுக்கப்படவில்லை, பாருங்கள். தனித் தொட்டி வைத்தார்கள், செதுக்கிக்கூட வைத்தார்கள். தனியாக ஒன்று கொடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்ற புத்தி பன்னிரண்டாம் நூற்றாண்டு மடத்திலும் இருந்தது, நம் தாலுகா ஆபீசிலும் இருக்கிறது.

ஆகவே தம்பி, அந்த ஃபார்வர்டு போட்டவரிடம் நீங்கள் சொல்ல வேண்டிய முதல் பதில்: "ஆமாம் சார், அங்கேயும் இருந்தது. அங்கே செத்துப்போனது. அப்போ இது இயற்கையும் இல்லை, கர்மாவும் இல்லை, மனிதன் செய்தது, மனிதனால் முடிக்கக்கூடியது என்பதற்கு நீங்களே சாட்சி சொல்லிவிட்டீர்கள்."

அடுத்து அவர் கேட்பார்: அது தானாகச் செத்தது, இங்கேயும் முன்னேற்றம் வந்தால் தானாகச் சாகும், நீங்கள் ஏன் கிளறிக்கொண்டே இருக்கிறீர்கள்?

தானாகச் சாகவில்லை. 1514-லேயே நவார் பகுதிக் காகோக்கள் போப் பத்தாம் லியோவுக்கு மனு கொடுத்தார்கள், கோயிலில் எங்களையும் மற்றவர்களைப் போல நடத்தச் சொல்லுங்கள் என்று. போப் அவர்கள் பக்கம்தான் பேசினார். உள்ளூர்ப் பாதிரிகளும் ஊர்ப் பெரியவர்களும் அசையவில்லை. 1683-ல் பதினான்காம் லூயி மன்னன் பேர்ன் பகுதிக் காகோக்களுக்கு விடுதலை ஆணை கொடுத்தான், அதையும் சும்மா கொடுக்கவில்லை, காசு வாங்கிக்கொண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் போர்தோ உயர் நீதிமன்றம் ஒருவரைக் காகோ என்று இழிவாகத் திட்டினால் அபராதம் என்றது. நம் வன்கொடுமைச் சட்டத்துக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். சட்டம் வந்தபின்னும் ஊர் அடித்தது, உதைத்தது, கல்லறையில் இடம் மறுத்தது. காகோக்கள் ஒவ்வொரு கோயிலாக, ஒவ்வொரு வழக்காகச் சண்டை போட்டார்கள். மனு கொடுத்ததிலிருந்து 1789 புரட்சி வரைக்கும் 275 வருஷம். புரட்சி வந்தபோது பதிவேடுகள் இருந்த அலுவலகங்களுக்குள் புகுந்து தங்கள் பிறப்புச் சான்றுகளையே எரித்தார்கள் என்று சொல்கிறார்கள். அதன்பிறகும் பாட்டுகளிலும் வசவுகளிலும் அந்தப் பெயர் இன்னொரு நூறு வருஷம் உயிரோடு இருந்தது. இதில் எந்த இடத்தில் "தானாக" வருகிறது?

முன்னேற்றம் என்றால் எங்கள் பகுதியைவிட முன்னேற்றத்தைப் பார்த்த பகுதி எது? நூற்றைம்பது வருஷத்துக்கு மேலாகத் தோலை ஏற்றுமதி செய்கிறோம். ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதப்படுத்திய காலம் போய் குரோம் வந்தது, டிரம் வந்தது, ஷூ கம்பெனி வந்தது, ஐரோப்பாவே வாடிக்கையாளர் ஆனது. கூடவே என்ன வந்தது? 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நலப் பேரவை வழக்கில் தீர்ப்புச் சொன்னபோது, தோல் கழிவால் இந்தப் பகுதியில் கிட்டத்தட்ட 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ பாழாகிவிட்டது என்று பதிவு செய்தது. மாசுபடுத்தியவனே பணம் கட்ட வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் ஒரு பகுதி என்று அறிவித்த வழக்கு எங்கள் பாலாற்று வழக்கு. உலகம் முழுக்கச் சட்டக் கல்லூரிகளில் அந்த வழக்கைப் படிக்கிறார்கள். படித்து முடித்தவர்கள் ஓய்வு பெறும் வயதுக்கு வந்துவிட்டார்கள். பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு ஆறு வாரத்தில் இழப்பீட்டைக் கொடுத்து முடியுங்கள் என்று அதே உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரி 30-ல் மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது.

2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிட்கோவில் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் பத்துப் பேர் தோல் கழிவுச் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். 2016-ல் சிவிடெப் இந்தியாவும் இரண்டு பிரிட்டன் அமைப்புகளும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு, ஆம்பூர் பக்கத்தில் வீட்டிலிருந்து ஷூ தைக்கும் பெண்களுக்கு ஜோடிக்குக் கிடைப்பது பிரிட்டன் காசில் 10 பென்னிக்கும் குறைவு, அந்த ஷூ கடையில் விற்பது 40 முதல் 100 பவுண்டு என்று சொன்னது. 10 பென்னி என்றால் அன்றைக்குப் பத்து ரூபாய்க்குப் பக்கம். அத்தையிடம் இதைப் படித்துக் காட்டியபோது, "பத்து ரூபா குடுத்தாங்களா? எங்க?" என்று கேட்டார். இத்தனை முன்னேற்றமும் வந்த அதே ஆற்றின் மேல்தான் கயிறு கட்டிப் பிணத்தை இறக்கினோம்.

ஒரு பக்கம் நம் பிள்ளைகள் சிலருக்கு இன்னொரு மயக்கம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். பிரான்ஸ் என்றால் சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று உருகுவது. 1789-ல் தன் வீட்டில் அடைத்த வாசலை அவர்கள் நம் மண்ணில் அகலமாகத் திறந்து வைத்தார்கள். 1819-ல் புதுச்சேரியில் பிரெஞ்சுச் சட்டத்தை அமல்படுத்தியபோது, இந்தியர்கள் அவரவர் சாதி வழக்கப்படியே நடத்தப்படுவார்கள் என்று எழுதிவைத்தார்கள். நெல்லைச் சீமையில் வடக்கன்குளத்தில் 1872-ல் கட்டிய கோயிலைப் பாருங்கள். வெள்ளாளருக்கும் நாடாருக்கும் தனித்தனியாக இரண்டு கூடம், நடுவில் பீடம், கால்சட்டை மாதிரி. கட்டியவர்கள் பிரெஞ்சு இயேசு சபையினர். அந்தச் சபையின் மதுரை மிஷனுக்கு ஆட்களை அனுப்பிக்கொண்டிருந்தது தூலூஸ் மாநிலம், நான் கூட்டத்தில் பேசிய அதே தூலூஸ். காகோ ஜன்னல்கள் இருக்கும் மலைக்குப் பக்கத்து ஊர். நடுச்சுவரை இடித்தது 1910-ல்தான்.

அதே 1870-களில் புதுச்சேரியில் பொன்னுத்தம்பி பிள்ளை என்ற வக்கீல் ஷூ போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குப் போனார். போகக்கூடாதாம். இந்தியன் இந்திய உடுப்பில்தான் வர வேண்டும், பிரெஞ்சு நீதிபதியின் முன்னால் ஐரோப்பிய ஷூ போடக்கூடாது. தண்டித்தார்கள். வழக்கு பாரிஸ் உச்ச நீதிமன்றம் வரை போய் 1873-ல் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. பின்னாளில் அவர் சாதி வழக்கத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்துக்கு மாறியபோது "லபோர்த்" என்று குடும்பப் பெயர் வைத்துக்கொண்டார். லபோர்த் என்றால் வாசல். எனக்கு அவர்மேல் மரியாதை உண்டு. ஆனால் அவர் வெள்ளாளர், வக்கீல், பாரிஸ் வரை போக வசதி இருந்தவர். அந்த ஷூவுக்குத் தோல் பதனிட்டவன் அதைக் காலில் போட எத்தனை கோர்ட் ஏற வேண்டும் என்பதை அந்தத் தீர்ப்பு பேசவில்லை.

இனி நமக்குள் பேச வேண்டியது. பெயரை எரித்துவிட்டுக் காகோக்கள் தப்பித்தார்கள். இதைக் கேட்டதும் என் நண்பன் ஒருவன், பெங்களூரில் ஐ.டி. வேலை, சொன்னான்: "நானும் அதைத்தானே செய்றேன்? எந்த ஊர்னு கேட்டா வேலூர்னு சொல்லி நிறுத்திக்குவேன். ஆம்பூர்னு சொன்னா அடுத்த கேள்வி எந்தத் தெருன்னு வரும்." அவனை நான் திட்டவில்லை. நீங்களும் திட்டாதீர்கள். வாடகை வீடு தேடும்போது நானும் ஒருமுறை அப்படி நிறுத்தியிருக்கிறேன்.

ஆனால் அந்த வழி நமக்குத் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். காகோவின் சாதி ஒரு பதிவேட்டில் இருந்தது, ஒரு துணியில் இருந்தது, ஒரு பள்ளத்தாக்கில் இருந்தது. பதிவேட்டை எரித்து, துணியைக் கிழித்து, பள்ளத்தாக்கைத் தாண்டிப் போனால் அடுத்த ஊர்க்காரனுக்கு அவன் வெறும் தச்சன். நம் சாதி நம் சான்றிதழில் மட்டும் இருந்தால் நாமும் எரித்துவிடலாம். அது அடுத்தவனின் சம்பந்தத்தில், அவன் நிலப் பத்திரத்தில், அவன் கும்பிடும் சாமியில், அவன் வோட்டுக் கணக்கில் இருக்கிறது. கடல் தாண்டினாலும் கூடவே வருகிறது. பாரிஸில் லா ஷாப்பெல் தெருவில் நம் ஈழத் தமிழர் கடைகளில் டீ குடித்தேன், உரிமையோடு பேசிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் பத்தாவது நிமிஷம் கேட்டார், "தம்பி ஊரில எந்தப் பக்கம்?" அவர் திசை கேட்கவில்லை.

நாம் நம் சான்றிதழை எரித்தால் எரிவது இடஒதுக்கீடும் வழக்குப் போடும் உரிமையும் மட்டும்தான். அவர்கள் பதிவேடு பத்திரமாக இருக்கும். அதனால் அந்த ஃபார்வர்டில் வரும் "சாதியைப் பேசாமல் விட்டால் சாதி போய்விடும்" என்ற அறிவுரையை எரிக்க வேண்டியது எதுவோ அதை வைத்திருப்பவர்களிடம் போய்ச் சொல்லச் சொல்லுங்கள். மேட்ரிமோனி விளம்பரம் கொடுப்பவர்களிடம் ஆரம்பிக்கட்டும்.

சேன் சாவேன் கோயிலைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் ஒரு கடைத்தெருவில் நின்றோம். கண்ணாடிக்குப் பின்னால் ஆண்களுக்கான தோல் ஷூக்கள். ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். உள்ளே "மேட் இன் இந்தியா". எந்த ஊர் என்று போட்டிருக்கவில்லை. மேல்பாகத்தில் கைத்தையல் இருந்தது, நூல் சீராக இறுக்கமாக. கூட வந்தவர் கேட்டார், உங்கள் ஊரில் செய்ததா? தெரியவில்லை என்றேன். இருக்கலாம். 2017 மார்ச்சில் பிரான்ஸ் ஒரு சட்டம் போட்டிருக்கிறது. பெரிய கம்பெனிகள் தங்களுக்குச் சரக்கு கொடுக்கும் நாடுகளில் நடக்கும் மனித உரிமை மீறலையும் கண்காணித்துத் திட்டம் வெளியிட வேண்டும், தவறினால் அங்கே கோர்ட்டுக்கு இழுக்கலாம். 2013-ல் டாக்காவில் ராணா பிளாசா இடிந்து ஆயிரத்துக்கு மேல் தையல் தொழிலாளர்கள் செத்த பிறகு வந்த சட்டம். ஐயாயிரம் தொழிலாளிக்குக் கீழ் உள்ள கம்பெனிகளைத் தொடாது, ஓட்டைகள் நிறைய. இருந்தாலும் சட்டம் படிக்கிற நம் பிள்ளைகளில் இரண்டு பேர் இதை உட்கார்ந்து படித்தால் நன்றாக இருக்கும். வீட்டில் தைக்கும் பெண்களின் கூலிச் சீட்டுகளை (சீட்டு கொடுத்தால்!) சேர்த்து வைக்கும் வேலையையும் யாராவது எடுத்துக்கொள்ளுங்கள்.

அதைவிட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது, அதைத்தான் பேரணாம்பட்டுத் தம்பியிடம் கேட்டிருக்கிறேன். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, குடியாத்தம் வட்டங்களில் எத்தனை காலனிகளுக்குச் சுடுகாட்டுக்குப் போகப் பாதை இல்லை, எத்தனை இடத்தில் பாதை பட்டா நிலத்தில் போகிறது, எத்தனை இடத்தில் ஊருக்கு ஒன்று காலனிக்கு ஒன்று என்று இரண்டு சுடுகாடு இருக்கிறது. கிராமம் கிராமமாகக் கணக்கு வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டு வாங்குவது பாதி, நேரில் நடந்து பார்ப்பது பாதி. கிராம வரைபடமும் ஒரு செல்போனும் போதும். மனுவின் மாதிரியை நான் எழுதித் தருகிறேன்.

தம்பி சரி என்றிருக்கிறார். நாராயணபுரத்துப் பாலத்திலிருந்து ஆரம்பிக்கலாம் என்கிறார். இந்த ஞாயிறு காலை ஏழு மணிக்கு வாணியம்பாடி பஸ் ஸ்டாண்டில் நிற்போம். வெயில் ஏறுவதற்குள் ஆற்றைத் தாண்ட வேண்டும். வருகிறவர்கள் நல்ல செருப்பாகப் போட்டுக்கொண்டு வாருங்கள்.